வெர்னா எழுந்து போனால் அணைகிற கணினி

வெர்னா ஹ்ரைசாக் வீட்டுக்குள் போகிறவர்கள் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட வேண்டும். எங்கள் ஊரில் எல்லா வீட்டுக்கும் உள்ள சட்டம்தான் அது. வெர்னா வீட்டில் மட்டும் கூடுதலாக ஒரு பரிசோதனை உண்டு. கழற்றிய காலை எட்டிப் பார்ப்பார்.

"சாக்ஸுல ஓட்டை. ஊருக்கே மருந்து விக்கிறவருக்கு ஒரு ஜோடி சாக்ஸ் வாங்க முடியலையா, மருந்துக்காரரே?"

என் பெயர் அவருக்குத் தெரியும். சரியாகச் சொல்லவும் தெரியும். ஆனாலும் நான் கனடாவின் இந்தச் சஸ்காச்சுவான் ஊருக்குக் குடிவந்து, அடுத்த வீட்டில் பெட்டியை இறக்கிய நாளிலிருந்து அவருக்கு மருந்துக்காரர்தான். வாரம் ஒருமுறை அவருடைய கணவர் ஓரஸ்டுக்கு மாத்திரைகளை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். கடைக்கு வந்து வாங்கிப்போக வெர்னாவால் முடியாது. ஓரஸ்டைத் தனியே விட்டுவிட்டு வெளியே போக முடியாது.

வெர்னா பல வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். இன்று ஊரில் கடை வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் அவருடைய பின்கண்ணாடிக்குப் பயந்து வளர்ந்தவர்கள். பண்ணைச் சாலைகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஓரஸ்ட் தானியக் கிடங்கில் லாரிகளுக்கு எடை போட்டுக்கொண்டிருந்தார். வாயாடி என்று பெயர் எடுத்தவர். இரண்டு குளிர்காலங்களுக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கம் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது ஒன்றே ஒன்று: "ஆமா ஆமா." பசித்தாலும் ஆமா ஆமா, கோபம் வந்தாலும் ஆமா ஆமா. ஆனால் நாம் பேசுவது முழுக்க அவருக்குப் புரியும். கூப்பிடுவதற்காக வெர்னா ஒரு மாட்டு மணியைக் கொடுத்திருந்தார். ஹாக்கி ஆட்டத்தின்போது ஊர்க்காரர்கள் ஆட்டிக் காதைச் செவிடாக்குவார்களே, அந்த மணி.

பேருந்து வேலையை விட்ட பிறகு வெர்னாவுக்கு வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை ஒன்று கிடைத்தது. வழியில் பழுதாகி நிற்கும் வண்டிகளை இழுத்துவரும் கம்பெனி. தலைமை அலுவலகம் சஸ்கட்டூனில், எங்கள் ஊரிலிருந்து நல்ல சாலையிலேயே ஒன்றரை மணி நேரம். பனியில் சிக்கியவர்களின் அழைப்பு வெர்னாவின் கணினி வழியாகத்தான் வரும். காதில் மாட்டும் ஒலிவாங்கியோடு முன்னறையில் உட்கார்ந்துகொண்டு அவர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் அழுகிறவர்களிடம், "அழுவுறத அப்புறம் வெச்சுக்கலாம். ஜன்னல் வழியா என்ன தெரியுது? கூரை இல்லாத மாதாகோயிலா? சரி, நீ எங்க இருக்கன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்பார். கம்பெனியின் வரைபடத்தைவிட வெர்னாவை நம்பி வண்டி அனுப்பலாம் என்று ஓட்டுநர்கள் சொல்வார்களாம்.

போன இலையுதிர்காலத்தில் கம்பெனி, வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் எல்லோரும் புதிய கணினி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டது. வெர்னா அதை லைல் பென்னரிடம் செய்யச் சொன்னார். லைலின் கடையில் முன்பக்கம் கோப்பைகளில் பெயர் பொறித்துத் தருவார்கள், பின்பக்கம் கணினி. ஒவ்வொரு பாகமாக வாங்கிக் கோத்து, நீல விளக்கு எரியும் கறுப்புப் பெட்டியாக லைல் கொண்டுவந்து வைத்தான். அக்டோபரில் அழகாக ஓடியது. நவம்பரில் குளிர் இறங்கியது. அதன் பிறகுதான் ஆரம்பித்தது.

பேசிக்கொண்டே இருக்கும்போது திரை கறுத்துவிடும். விசிறி நின்று, மறுபடி சுற்ற ஆரம்பிக்கும். தானாக அணைந்து தானாகவே எழுந்து வரும். அதற்குள் அழைப்பு அறுந்திருக்கும். எப்போது அணையும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சில நாள் ஒன்றுமே இருக்காது. சில நாள் காலையிலேயே ஆரம்பித்துவிடும்.

ஒருமுறை பள்ளத்தில் இறங்கிய காருக்குள் இருந்த ஒரு பெரியவரின் அழைப்பு அப்படி அறுந்தது. மறுபடி அவரைப் பிடிப்பதற்குள் வெர்னாவுக்கு உயிர் போய் உயிர் வந்துவிட்டது. பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை, பால் லாரிக்காரர் யாரோ ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஆனால் சஸ்கட்டூனிலிருந்து மேற்பார்வையாளர் கோலீன் கூப்பிட்டார். நல்ல பெண்தான், குரலே அப்படிச் சொல்லும். நல்லவர்கள் சொல்லும்போதுதான் எனக்கு இன்னும் பயம் வரும்.

"வெர்னா, உங்க மேல எனக்கு மரியாதை இருக்கு. ஆனா இன்னொரு தடவை பாதியில அறுந்துச்சுன்னா மேல இருக்கிறவங்களுக்கு என்னால பதில் சொல்ல முடியாது. நீங்க இங்க ஆபீசுக்கு வந்து உட்கார வேண்டியதுதான். இல்லைன்னா..."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா வேற வழி பாக்கணும்."

வெர்னா அலுவலகத்துக்குப் போனால் ஓரஸ்ட் முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. இடம் காலியாக இருந்தது பக்கத்து ஊரில்கூட இல்லை, அதற்கும் அடுத்த ஊரில். வெர்னா ஒருநாள் என்னை ஓரஸ்டுக்குத் துணை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சுத்தமா இருக்கு, சாப்பாடும் மோசமில்ல என்றார். கோட்டைக்கூடக் கழற்றாமல், "ஆனா மணி அடிச்சா யாரு வருவான்னு கேட்டேன். முறை வரும்போது வருவோம்னு சொல்றாங்க" என்றார்.

லைலைக் குறை சொல்ல முடியாது. வாரம் தவறாமல் வந்தான். முதலில் மென்பொருளைப் புதுப்பித்தான். பிறகு நினைவகத் தகடுகளை மாற்றினான். பெட்டிக்குள் சூடு ஏறுகிறதா என்று பார்த்தான், ஏறவில்லை. மின்சாரம் கொடுக்கும் பாகத்தையே கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டான். கணினி தனக்குள் எழுதி வைத்திருந்த பதிவைத் திறந்து பார்த்தால், 'எதிர்பாராமல் நின்றுபோனது' என்பதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. அது எங்களுக்கே தெரியும். சுவரில் வரும் மின்சாரம் ஏறி இறங்குகிறதோ என்று நடுவில் ஒரு மின்கலப் பெட்டியையும் வைத்தான். அப்போதும் அணைந்தது.

கடைசியில் கடைக்கே தூக்கிக்கொண்டு போய், ஒரு வாரம் அணைக்காமல் ஓடவிட்டான்.

"குதிரை மாதிரி ஓடுது, வெர்னாம்மா. ஒரு இருமல்கூட இல்ல."

"அப்ப இங்க வந்தா மட்டும் என்ன கேடு அதுக்கு?"

"உங்க கைராசிதான்."

"டேய், நான் ஓட்டுன பஸ் ஒரு நாளாவது வழியில நின்னுருக்கா?"

"ஒரு நாள் பள்ளத்துல இறக்குனீங்க."

"அது பனி."

"அந்த பஸ்ஸுல நான் இருந்தேன்."

"நீ இருந்ததாலதான் இறங்குச்சோ என்னவோ."

சிரித்தார்கள். ஓரஸ்ட்கூடத் தன் நாற்காலியிலிருந்து "ஆமா ஆமா" என்றார். லைல் காலுறையோடு தரையில் மண்டியிட்டு, ஒரு கையைப் பெட்டியின் மேல் ஊன்றிக்கொண்டு, அரைநாள் முழுக்க உட்கார்ந்திருந்தான். அணையவில்லை. அவன் பூட்ஸை மாட்டிக்கொண்டு போனான். அவன் வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியதும் அணைந்தது.

இதற்குள் என் நிம்மதியும் போயிருந்தது. அடுத்த வீட்டு விவகாரம் என்று இருக்கத் தெரியவில்லை எனக்கு. யாரையும் தெரியாத ஊருக்கு வந்து சேர்ந்த முதல் குளிர்காலத்தில், எஞ்சினைச் சூடாக வைக்க ராத்திரி முழுக்க என் காரின் மூக்கில் மின்கம்பியை மாட்டி வைக்காவிட்டால் காலையில் எஞ்சின் கல்லாகிவிடும் என்று எனக்குச் சொன்னவர் வெர்னா. சொல்லிவிட்டு, நான் மறந்த நாட்களில் அவரே வந்து மாட்டிவிட்டுப் போனவர். கல்லா மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு இருமல் மருந்து எடுத்துக் கொடுக்கும்போதுகூட, இன்று அணைந்திருக்குமோ, கோலீன் கூப்பிட்டிருப்பாரோ என்றே மனசு ஓடியது.

ஜனவரியில், ஊரே பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த ஒரு செவ்வாய்க்கிழமை, மாத்திரையோடு போனேன். வெர்னாவின் வேலை நேரம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. சமையலறையில் பெரோகிக் கொழுக்கட்டைக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தார். காலில் ஓரஸ்ட் பின்னிக் கொடுத்த செருப்பு. முளை அடித்த ஒரு வட்டச் சட்டத்தில் இடது கையால் மட்டும் நைலான் நூலைச் சுற்றிச் சுற்றிப் பின்னுவதற்கு அவருக்குச் சிகிச்சை நிலையத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். முதலில் முடித்தது இந்த ஜோடி. ஆரஞ்சும் பழுப்பும் கலந்தது, மூக்கில் ஆளுக்கொரு நூல் பந்து. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. நவம்பரில் முடித்துக் கொடுத்ததிலிருந்து வெர்னா வீட்டுக்குள் வேறு எதையும் காலில் போட்டு நான் பார்த்ததில்லை.

மாவைத் தேய்த்தபடியே, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "லைல்கிட்ட சொல்லிடாதீங்க, சிரிப்பான். எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அது எப்ப அணையுதுன்னு" என்றார்.

"எப்ப?"

"நான் அவர்கிட்ட போயிட்டு வந்தா அணையுது."

எனக்கு விளங்கவில்லை.

"மணி அடிக்கிறார். எழுந்து போறேன். தண்ணி குடுக்கிறேன், இல்ல பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போறேன். திரும்பி வந்து உக்காந்து கை வெச்சா போச்சு. எப்பவும் இல்ல. ஆனா அணையுறப்ப எல்லாம் அப்படித்தான். இடத்தைவிட்டு எழுந்திருக்காம இருந்தா ஒண்ணுமே ஆகறதில்ல." மாவுக்கட்டையைக் கீழே வைத்தார். "அதனால இப்ப எழுந்திருக்கிறதில்ல. வேலை முடியற வரைக்கும்."

"ஓரஸ்ட்?"

"அவரும் கூப்பிடறதில்ல. மனுஷனுக்குப் புரிஞ்சிருக்கும்போல."

நான் முன்னறைக்குப் போனேன். ஓரஸ்ட் மடியில் போர்வையும் பின்னல் சட்டமுமாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து ஆமா ஆமா என்றார். மாத்திரைப் பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொரு அறையிலும் மற்ற மாத்திரைகள் போயிருந்தன, ஒரு வெள்ளை மாத்திரை மட்டும் அப்படியே இருந்தது. நீர் பிரிவதற்கான மாத்திரை. இதயத்துக்குப் பாரம் ஏறாமல் பார்த்துக்கொள்வது அதுதான். அதைப் போட்டால் அடிக்கடி எழுந்து போகவேண்டி வரும். போர்வையை விலக்கி அவருடைய கணுக்காலைத் தொட்டேன். விரல் பதிந்த இடத்தில் குழி அப்படியே நின்றது.

மணி நாற்காலியின் ஓரத்தில் செருகியிருந்தது. எடுத்து ஆட்டினேன். சத்தம் வரவில்லை. உள்ளே நாக்கு அசையாதபடி ஆரஞ்சு நூலைத் திணித்து அடைத்திருந்தது.

"ஓரஸ்ட், நீங்களா இத செஞ்சது?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "ஆமா ஆமா."

வெர்னா மாவுக் கையோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் மணியைக் காட்டினேன். மாத்திரைகளைக் காட்டினேன். இப்படியே போனால் மூச்சு வாங்க ஆரம்பிக்கும், ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டிவரும் என்று சொன்னேன். அவர் பேருந்து ஓட்டிய காலத்து முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அந்த முகம் உடைந்துவிட்டது.

"அப்ப நான் என்னதான் பண்றது? எழுந்து போனா வேலை போகுது. வேலை போனா அவரே போறாரு. எழுந்திருக்கலைன்னா..." ஓரஸ்ட் அருகில் போய், மண்டியிட்டு, அந்தக் கணுக்காலைக் கையில் பிடித்துக்கொண்டார். மாவு ஒட்டியது. "லூசுக் கிழவா, உன்னை யாருய்யா இதெல்லாம் செய்யச் சொன்னது?"

அப்போது கணினி மணியடித்தது. வேலை நேரம் ஆரம்பித்திருந்தது. வெர்னா மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டே கம்பளத்தின் மேல் செருப்பைத் தேய்த்து ஓடினார். ஒலிவாங்கியை எடுக்கக் குனிந்தபோது விரல் பெட்டியின் மேல் பட்டது.

டப்.

திரை கறுத்தது.

எல்லோரும் திரையைத்தான் பார்த்திருப்பார்கள். நான் அந்தச் சத்தத்தில் துள்ளிவிட்டேன். இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு இந்த மின்பொறி பழகவில்லை. குளிர்காலத்தில் வீடுகளுக்குள் காற்று காய்ந்துபோய், நடக்கிறவர் உடம்பில் மின்சாரம் ஏறி, கதவுக் கைப்பிடி, கார்க் கதவு, கைகுலுக்க நீட்டிய கை எல்லாம் சுரீரென்று கடிக்கும். நான் எதைத் தொடுவதற்கு முன்னும் சாவியால் ஒருமுறை தட்டிவிட்டுத்தான் தொடுவேன். கடையில் வேலை பார்க்கும் பெண்கள் இதற்காகவே என்னைக் கேலி செய்வார்கள்.

"வெர்னா, கைய கடிச்சுதே, பாத்தீங்களா?"

"எது?"

"இப்ப வந்த பொறி. டப்புனு கேட்டுச்சே."

"குளிர்காலம், மருந்துக்காரரே. எல்லாம்தான் கடிக்கும்." அவர் கணினி எழுந்து வருவதற்காகத் தவித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது காதில் ஏறவே இல்லை. இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது கொசு கடித்த மாதிரிகூட இல்லை. யாராவது பொறி அடித்தது என்று ஒருவரிடம் போய்ச் சொல்வார்களா?

லைலுக்குப் போன் செய்தேன். அவனும் அதே அலட்சியத்தோடுதான் ஆரம்பித்தான்: "அதனால என்ன சார், எனக்குந்தான் அடி..." பேச்சு நின்றது. "இருங்க. அவங்க சுவத்துல இருக்கிறது ரெண்டு ஓட்டை பிளக்கா, மூணு ஓட்டையா?"

நான் மேசைக்கடியில் குனிந்து பார்த்தேன். பழைய வீடு. சுவரில் இரண்டு துளைதான். கணினியின் மூன்று முனைச் செருகியை இரண்டாக்கும் ஒரு சின்னப் பழுப்பு இடைச்செருகி நடுவில் இருந்தது. ஊரில் எல்லார் வீட்டு அலமாரியிலும் நாலைந்து கிடக்கும். அதைப் பார்த்தும் யாரும் அதைப் பார்த்ததில்லை.

"நான் ஒரு கழுதை" என்றான் லைல். "வரேன்."

வந்தான். பூட்ஸைக் கழற்றினான். வெர்னாவிடம் கொஞ்ச நேரம் அழைப்பு எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஓரஸ்டின் நாற்காலி வரை நடந்துபோய்த் திரும்பி வந்து பெட்டியைத் தொடச் சொன்னான். டப். அணைந்தது. மறுபடி எழுந்து வந்ததும் இன்னொரு முறை நடக்கச் சொன்னான். மறுபடி டப். தரையோடு இணைப்பு இல்லாததால் அந்தப் பொறி போக வழி தெரியாமல் பெட்டிக்குள்ளேயே புகுந்து அடிக்கிறது என்றான். கடையில் சிமென்ட் தரை, அதனால் வரவில்லை. இங்கே அவன் வரும்போதெல்லாம் அசையாமல் மண்டியிட்டிருந்தான், அதனால் வரவில்லை.

"இப்ப செருப்பக் கழட்டிட்டு நடங்க."

வெறும் சாக்ஸோடு நடந்தார். தொட்டார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி நடந்தார். ஒன்றும் இல்லை.

"அதான்! செருப்புதான் வெர்னாம்மா! நைலான் நூல், பாருங்க..." ஒரு செருப்பைத் தூக்கிக் கம்பளத்தில் நாலு தேய் தேய்த்து, மேசையில் கிடந்த காகிதத் துணுக்குகளின் மேல் காட்டினான். துணுக்குகள் எழும்பி ஒட்டிக்கொண்டன. "இதுதான் வில்லன்!"

வெர்னா அவனைப் பார்த்த பார்வை, பின்கண்ணாடி வழியாக அவன் பத்து வயதில் வாங்கிய அதே பார்வையாக இருந்திருக்க வேண்டும். லைல் செருப்பை மெதுவாகக் கீழே வைத்தான்.

"கார்பெட்தான் காரணம்" என்றார் வெர்னா. "பழைய கார்பெட். நான் அப்பவே நெனச்சேன்."

"ஆமா" என்றான் லைல். "கார்பெட்தான். கார்பெட்தான் ரொம்ப மோசம்."

நாங்கள் மூன்று பேரும் ஓரஸ்டைப் பார்க்காமல் நின்றோம். நாற்காலிப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால், ஓரஸ்டின் ஒரு பக்கத் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. செருப்பைக் காட்டினார், கணினியைக் காட்டினார், தன் நெஞ்சில் இடது கையால் அடித்துக்கொண்டார். வாயோரம் எச்சில் வழியச் சிரித்தார்.

"ஆமா ஆமா! ஆமா ஆமா!"

"சிரிக்காதய்யா" என்றார் வெர்னா. "என் வேலைக்கே உலை வெச்சுட்டு சிரிக்கிறத பாரு." சொல்லிக்கொண்டே குனிந்து, அந்தச் செருப்புகளை மறுபடி காலில் மாட்டிக்கொண்டார்.

"வெர்னாம்மா, அதக் கழட்டி வெச்சா போதும், செலவே இல்ல."

"கழட்ட மாட்டேன். நீ வேற வழி சொல்லு. அதுக்குத்தான உன்னைக் கூப்பிடறது?"

லைல் தலையைச் சொறிந்தான். சுவரில் கை வைப்பது அவன் வேலை இல்லை, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தரையிணைப்போடு ஒரு செருகுவாய் போட்டுக்கொள்ள வேண்டும் என்றான். காற்றில் ஈரம் வேண்டும் என்றான். ஈரப்பதம் கொடுக்கும் கருவி என் கடையிலேயே இருந்தது, அன்று மாலையே கொண்டுவந்தேன். எலெக்ட்ரீஷியன் வரும்வரைக்கும் ஒரு வழி. மேசைக்குப் பக்கத்தில் சுவரின் அடியில் சூடான காற்று வரும் இரும்புக் கிராதி இருந்தது. திரும்பி வந்து உட்காரும் முன் அதில் கையை வைத்துப் பொறியை அங்கே இறக்கிவிட வேண்டும். அதன் பிறகுதான் கணினி.

"கோயில்ல பீடத்தத் தொடற மாதிரி" என்றார் வெர்னா.

"மறந்துட்டீங்கன்னா?"

"ரயில் வராதப்பகூட நான் லெவல் கிராசிங்ல நிக்காம ஒரு நாள் பஸ் ஓட்டிருக்கேனாடா?"

லைல் போன பிறகும் நான் கொஞ்ச நேரம் இருந்தேன். ஓரஸ்ட் வெள்ளை மாத்திரையை விழுங்குவதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான். விழுங்கினார். வெர்னா அழைப்புகளைத் திறந்துவிட்டு உட்கார்ந்தார். முதல் இரண்டும் சாதாரணமாக முடிந்தன. அவருடைய முதுகு மட்டும் விறைப்பாகவே இருந்தது. சும்மா உட்கார்ந்திருப்பது பரீட்சை ஆகாது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

ஓரஸ்ட் மணியை எடுத்து மடியில் கவிழ்த்துக்கொண்டார். இடது கைச் சுட்டுவிரலை உள்ளே விட்டு நூலை இழுத்தார். வரவில்லை. நான் உதவப் போனேன், தலையை ஆட்டித் தடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு கோழியின் குடலை எடுப்பதுபோல, அந்த ஆரஞ்சு நூல் முழுவதையும் வெளியே இழுத்துப் போட்டார். பிறகு கையை உயர்த்தி, ஹாக்கி மைதானத்தில் நிற்கிறவரைப்போல ஆட்டினார்.

வெர்னா திரும்பிப் பார்த்தார். திரையையும் பார்த்தார். எழுந்து போனார்.

ஓரஸ்டை எழுப்பி, தோளில் சாய்த்துப் பாத்ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போய், திரும்பக் கொண்டுவந்து உட்கார வைத்துக்கொண்டிருக்கும்போது கணினி ஒலித்தது. போர்வையை அவசரமாகப் போர்த்திவிட்டு வெர்னா ஓடினார். செருப்பு கம்பளத்தில் சரசரவென்று தேய்ந்தது. மேசை நாற்காலியைத் தாண்டிக் குனிந்து, உள்ளங்கையால் கிராதியில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். டப் என்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சொல்லுங்க, வண்டி எங்க நிக்குது? ... தெரியலையா? பரவால்ல, கவலைப்படாத. ஜன்னல் வழியா என்ன தெரியுது? ... சிவப்பு தானியத் தொட்டியா? உச்சியில வெள்ளைக் கோடு இருக்கா?"

நான் கண்ணைத் திறந்தபோது நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எதிர்முனையில் ஓர் இளம்பெண் பேசுவது லேசாகக் கேட்டது. வெர்னா அவளை அங்கே இங்கே அலையவிடாமல், எஞ்சினை அணைக்காமல், புகைக்குழாய்ப் பக்கம் பனி அடைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி, இழுவை வண்டி கிளம்பும் வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அறுபடவில்லை. முடிந்ததும் ஒலிவாங்கியைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, முகத்தை இரண்டு கையாலும் அழுத்தித் துடைத்தார்.

உடனே மறுபடி மணி அடித்தது.

"இப்பத்தானய்யா போயிட்டு வந்த! என்ன வேணும்?"

"ஆமா ஆமா" என்றார் ஓரஸ்ட். அவருக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

வெர்னா என்னைப் பார்த்தார். "மருந்துக்காரரே, அந்த நூலடைச்ச மணியே தேவலாம்போல இருக்கு" என்றார். சொல்லிவிட்டு, செருப்பைத் தேய்த்துக்கொண்டு அவரிடம் போனார்.